சமவெளிக்கு வாங்கிய டயர்கள்

புது டயரின் வாசனை இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும். பலருக்கு அது பிடித்த வாசனை. வண்டி புதிதாகிவிட்டது, இனித் தூரம் போகலாம் என்ற நினைப்பைத் தரும் வாசனை. ஒரு மார்கழிக் காலையில், தஞ்சாவூரில் சாலையோரக் கடை ஒன்றின் முன்னால் நின்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே அண்ணன் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பள்ளத்திலும் கட்டைவிரலை விட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியில் கறுப்பு ஒட்டுவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. சொந்த வண்டிக்கு வாங்குகிறவர்கூட அத்தனை பொறுமையாகப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. குன்னூரில் நாங்கள் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். அவருக்கு ஊர் திருவிடைமருதூர், எனக்குக் குடவாசல். மலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நம்ம பக்கத்துப் பொண்ணா நீ?" என்று அவராகவே வந்து விசாரித்தார். அன்றிலிருந்து அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். காய்ச்சல் வந்து படுத்தால் அண்ணி மிளகு ரசம் கொடுத்தனுப்புவாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என் காரில்தான் எல்லோரும் ஊருக்கு இறங்குவோம். கரூர் தாண்டிக் காவிரி கண்ணில் பட்டதும் அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு, "வந்துட்டம்மா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அத்தனை தூரம் ஓட்டுவேன் போலிருக்கும்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருஷம் அது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வலது கையும் வாயும் போய்க் கட்டிலோடு கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும், குளிப்பாட்டவும், கஞ்சி புகட்டவும் அம்மா ஒருத்திதான். அம்மா குண்டூசி மாதிரி மெலிந்த உடம்புக்காரி. தொலைபேசியில் ஒருநாளும் முறையிட்டதில்லை. ஆனால் பேசும்போதே மூச்சு வாங்கும். அந்த மூச்சைக் கேட்டுவிட்டு என்னால் அலுவலகத்தில் ஒரு கோப்பையும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில்தான் எங்கள் தஞ்சாவூர் கிளையில் ஒருவர் ஓய்வு பெறப்போவதாகத் தெரிந்தது. காலியாகப் போவது ஒரே ஓர் இடம். சொன்னதே அண்ணன்தான்.

"நீ கேட்டு எழுது. அப்பா நெலமைய வெவரமா எழுது. மேல நான் பேசிக்கிறேன்" என்றார்.

"உங்களுக்கும் ஊர்ப்பக்கம் போகணும்னு இருக்காதா அண்ணே?"

"புள்ளைங்க இங்க படிக்குது. எனக்கும் இந்தக் குளிரு பழகிப்போச்சு. ஒனக்குத்தான் இப்ப தேவை. நீ மொதல்ல போம்மா."

அலுவல் விஷயமாகக் கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை போய் வருகிறவர் அவர். நானும் கூட வருகிறேன், அதிகாரியை நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒருமுறை கிளம்பினேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பெண்பிள்ளை வந்து கண் கலங்கினால் அழுத்தம் கொடுப்பதாக நினைப்பார்கள், தன்னிடம் விட்டுவிடு என்றார். கார்த்திகை கடைசியில் ஒருநாள் கோவையிலிருந்து திரும்பியதும் நேராக என் மேசைக்கு வந்து, "ஆர்டர் வந்த மாதிரிதான்னு வச்சிக்க. தையில நீ தஞ்சாவூர்ல இருப்ப" என்றார். நான் அழுதுவிட்டேன். என் தலையில் கை வைத்து, "அசடு" என்று சிரித்தார்.

மார்கழியில் சில நாள் விடுப்பெடுத்து இறங்கினோம். அண்ணி குழந்தைகளோடு மலையிலேயே இருந்துவிட்டாள். மேலே உறைபனி கொட்டி, விடியற்காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கீழே வயல்களில் சம்பா பால் பிடித்து நின்றது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளிரில் நடுங்கியபடி டீ குடித்தவர்களைப் பார்த்து, இதுவும் ஒரு குளிரா என்று நாங்கள் இருவரும் சிரித்தோம். அப்போதுதான் அண்ணன் டயர் பேச்சை எடுத்தார். மலை வளைவுகளில் ஓடி என் வண்டியின் டயர்கள் தேய்ந்திருந்தன. ஊரோடு வரப்போகிறவள் இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது, நம் பக்கத்து வெயிலுக்கு எது தாங்கும் என்று நம் பக்கத்துக் கடைக்காரனுக்குத்தான் தெரியும் என்றார்.

கடைக்காரர் பழைய டயர்களின் ஓரத்தைத் தடவிவிட்டு, "மலையில ஓட்டுன வண்டியா? ஓரமெல்லாம் மொழுமொழுன்னு கெடக்கு" என்றார்.

"இனிமே மலை கெடையாதுங்க" என்றார் அண்ணன். "இந்தப் பொண்ணு ஊரோட வந்துடப் போவுது. குடவாசல்லேருந்து தஞ்சாவூருக்குத் தெனம் போயி வரணும். சித்திர வெயில்ல தாரு கொதிக்கும், அதுக்குத் தாங்குற மாதிரி காட்டுங்க."

இரண்டு வகை எடுத்து வைத்தார்கள். ஒன்று மிருதுவான ரப்பர், ஈரத்தில் சாலையைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மற்றது கெட்டியானது, சூட்டில் வருஷக்கணக்கில் உழைக்கும், மழைச் சாலையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எனக்குத் தயக்கமாக இருந்தது. சாமான்களைக் கட்ட நான் இன்னும் ஒருமுறை மலையேற வேண்டும். அதனால் மிருதுவானதையே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஒரு தடவ ஏறி எறங்கப் போற. அதுக்காகத் தப்பான டயரப் போட்டுக்கிட்டு வருஷம் பூரா அல்லாடுவியா? வெயிலுக்கு ஒழைக்கிறதப் போடு."

"பழசுல நல்லா இருக்கற ரெண்ட டிக்கியில போட்டுக்கட்டுமா?"

"எதுக்கு? இங்கயே கழட்டிப் போட்டுடு. மலையில இனி என்ன வேல ஒனக்கு?"

நான்கு சக்கரத்தோடு நிறுத்தாமல், மாற்றுச் சக்கரத்துக்கும் புது டயர் போடவைத்தார். காற்றை எவ்வளவு வைக்க வேண்டும், கோடையில் எப்போது பார்க்க வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு என்னிடம் இரண்டு முறை சொன்னார். எத்தனையோ முறை அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எங்காவது ஒரு தடுமாற்றம், கண்ணைத் தவிர்த்த ஒரு நொடி இருந்ததா என்று. இல்லை. அவர் முகத்தில் இருந்தது அக்கறை மட்டும்தான். அதுதான் என்னை இன்றுவரை குழப்புகிறது.

அன்று மத்தியானம் அவரைத் திருவிடைமருதூரில் இறக்கிவிட்டுக் குடவாசல் வந்தேன். அப்பாவின் காதருகே குனிந்து, "தைக்கு வந்துடுவேம்பா. தெனம் சாயங்காலம் வீட்ல இருப்பேன்" என்று சொன்னேன். அவருடைய இடது கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்மா அவர் கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். நான் வண்டியில் வந்து இறங்குவது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். இருவரும் சேர்ந்து நகர்த்தினோம்.

இரண்டு நாள் கழித்து, வேலை பார்க்கப்போகும் இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாமே என்ற ஆசையில் தஞ்சாவூர் கிளைக்குப் போனேன். குன்னூர் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் ஓய்வு பெறப்போகிறவர் எழுந்து, "வாங்க வாங்க. ஒங்க ஆபீஸ் அண்ணனுக்கு உக்கார்ற சீட்டு பாக்க வந்தீங்களா?" என்றார். நான் புரியாமல் சிரித்தேன். "நேத்துத்தான் ஆர்டர் வந்துச்சு. அவரு தையில வந்து சேர்றாரு. நல்ல மனுஷன்னு சொல்றாங்க" என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து மண்டல அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். அதிகாரி என் பெயரைக் கேட்டதும் கனிவாகவே பேசினார். "அப்பாவுக்கு இப்ப தேவலாமாம்மா? நீங்கதானே இப்போதைக்கு மாற்றல் வேண்டாம்னு சொல்லி விட்டீங்க? கார்த்திகையில அவரு நேர்ல வந்து சொன்னாரே. அதுக்கப்புறந்தானே அவரு கேட்டத எடுத்துக்கிட்டோம்" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, கையெழுத்தாகிவிட்டது, அடுத்த காலியிடம் வரும்போது பார்க்கலாம் என்றார். அப்படியானால், ஆர்டர் வந்த மாதிரிதான் என்று என் தலையில் கை வைத்த அதே நாளில்தான், எனக்கு அது வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். புது டயரின் வாசனை காருக்குள் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தேன்.

அண்ணன் என் அழைப்பை எடுக்கவில்லை. விடுப்பு முடிந்து திரும்பும் நாளில், தான் பேருந்தில் போய்விடுவதாக ஒரு வரிச் செய்தி மட்டும் அனுப்பினார். நான் தனியாக ஓட்டிப் போனேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை தொடங்கியதும் மூடுபனியும் தூறலும் சேர்ந்துகொண்டன. பாதி வழியில் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது வண்டி நிற்காமல் பக்கவாட்டில் சறுக்கியது. எதிரே ஏதும் வரவில்லை. தடுப்புச் சுவரில் பின்புறம் உரசி நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்தச் சாலையில் நான் திரும்ப ஏறி வருவேன் என்று தெரிந்தே ஒருவர் இந்த டயர்களைப் பொறுக்கியெடுத்துப் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இடத்தைப் பறித்ததைக் காட்டிலும் அது பெரிதாகத் தெரிந்தது.

அலுவலகத்தில் அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாசல் பக்கம் கூட்டிப்போனார்.

"கோவிச்சுக்காதம்மா. எனக்கு வயசாவுது. இத விட்டா ஓய்வு பெறுற வரைக்கும் இங்கதான். நீ தனி ஆளு, ஒனக்கு இன்னும் எத்தனையோ சான்ஸ் வரும்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மாட்டேன் என்பதுதான் பதில். அதனால்தான் அவர் கேட்கவில்லை.

"சரி. டயர எதுக்கு வாங்க வச்சீங்க? அதாவது சொல்லுங்க."

அவர் என் வண்டி நின்ற திசையைப் பார்த்தார். "நல்ல டயர்தானம்மா அது" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பதிலைப் பல வருஷம் உள்ளுக்குள் புரட்டியிருக்கிறேன். மாற்றல் எனக்குத்தான் என்று நான் நம்பிக்கொண்டே இருப்பதற்காக அந்தக் காலையை அவர் நடித்தார் என்று சில நாள் தோன்றும். இல்லை, டயர் விஷயத்தில் உண்மையாகவே எனக்கு நல்லது செய்ததாக நினைத்தார், ஒரு கையால் எடுத்ததற்கு இன்னொரு கையால் ஈடு கட்டினார் என்று சில நாள் தோன்றும். இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

அப்பா பங்குனியில் இறந்தார். விடுப்புக் கிடைத்த சனி ஞாயிறுகளில் எல்லாம் அந்த டயர்களில்தான் இறங்கிப் போனேன், ஏறி வந்தேன். கடைசி நாளில் போய்ச் சேரவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள். சில வருஷங்கள் கழித்துக் கும்பகோணத்துக்கு மாற்றல் கிடைத்தது. இப்போது நானும் அம்மாவும் குடவாசலில்தான் இருக்கிறோம். அண்ணன் தஞ்சாவூரிலேயே ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எங்காவது எதிர்ப்பட்டால் தலையசைப்பார். நான் வேறு பக்கம் பார்த்துவிடுவேன்.

போன ஆவணியில் அவரும் அண்ணியும் மகள் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்ணியைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நரைத்துப் போயிருந்தாள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நானே காபி கொண்டுவந்து கொடுத்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ வைத்துப் பத்திரிகையை நீட்டியபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்ன நெனைக்காத நாளில்லம்மா. நாங்க ஊருப்பக்கம் வந்து சேந்ததே ஒன்னாலதான். அப்பாவ அப்படி வச்சிக்கிட்டு, எனக்கு வேண்டாம் அண்ணே, நீங்க போங்கன்னு விட்டுக் குடுத்தியே. கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா. நாந்தான் ஒரு வார்த்த நேர்ல சொல்லாமயே இருந்துட்டேன். அதப் பத்திப் பேசினா நீ சங்கடப்படுவன்னு இவுங்க சொல்லிட்டாங்க."

அண்ணனைப் பார்த்தேன். அவர் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவர் வீட்டில் நான் ஒரு தியாகியாக இருந்திருக்கிறேன். என்னிடமிருந்து எடுத்ததை நான் கொடுத்ததாகச் சொல்லி, அதையும் ஓர் அழகான கதையாக்கி, அந்தக் கதைக்குள் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார். அண்ணியின் கண்ணில் நீர் நின்றது. பேசாமல் இருந்திருக்கலாம், வீட்டில் கல்யாணம். ஆனால் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னால் பொய்யாக இருக்க முடியவில்லை.

"நான் விட்டுக் குடுக்கல அண்ணி" என்றேன். "தஞ்சாவூர் ஆபீசுக்குப் போனப்பதான் எனக்கே தெரியும்."

அண்ணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள் போல. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாவுது" என்று எழுந்து வாசலுக்குப் போனார்.

அவளும் எழுந்தாள். வாசற்படி வரை போனவள் நின்று, சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

"அப்பா எப்பம்மா தவறுனாங்க?"

"அந்த வருஷமே. பங்குனியில."

அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. மாதங்களை எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நாங்க தையில பால் காச்சினோம்" என்றாள்.

வெளியே காரில் அண்ணன் ஏறி உட்கார்ந்திருந்தார். அண்ணி படியிறங்கிப் போய், வழக்கமாக உட்காரும் முன் சீட்டின் கதவருகே நின்றாள். பிறகு பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.