அத்தை ஒப்புக்கொண்ட குற்றம்

எங்கள் குடும்பத்திலேயே போலீஸ் புத்தகத்தில் குற்றவாளியாகப் பெயர் ஏறிய ஒரே ஆள் என் அத்தைதான். அப்பாவின் அக்கா. அவர் மேல் எழுதப்பட்ட குற்றம், அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுக்க வந்தது. என்ன லஞ்சம் என்றால், முப்பது கமலா ஆரஞ்சு. அந்தக் குற்றம் நடந்தபோது நான் அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களெல்லாம் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாக இருப்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். நான் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கிற நாகலூரில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குப் பிள்ளை இல்லை; பள்ளிக்கூடம் விட்டால் நேராக அத்தை வீட்டுக்குத்தான் ஓடுவேன். வீட்டுக்குப் பின்னால் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. காப்பிச் செடி, இடையிடையே ஆரஞ்சு மரம், மேட்டில் ஒரு பட்டை சாமை. சுற்றிலும் எஸ்டேட். எஸ்டேட்டில் பழுத்த காப்பிக்கும் எங்கள் செடியில் பழுத்த காப்பிக்கும் முகத்தில் அடையாளமா எழுதியிருக்கிறது? எங்கள் ஊர்ச் சிறு விவசாயிகளுக்கு அதுதான் வருஷா வருஷம் வந்த வினை. பழம் பறிக்கிற மாதத்தில் எஸ்டேட்டில் ஒரு மூட்டை குறைந்தால் போதும், ஜீப் வந்துவிடும். களத்தில் காப்பி காயப்போட்டிருக்கிற யாராவது ஒருவரை, "சும்மா விசாரணைக்கு" என்று ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அந்த விசாரணை சிலருக்கு ஒரு நாளில் முடியும், சிலருக்கு நாலு நாள் ஆகும். ஊரிலிருந்து போய்க் கேட்டால், அப்படி ஓர் ஆள் இங்கே வரவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்தப் புத்தகத்திலும் பெயர் இருக்காது. திரும்பி வருகிறவர் நொண்டிக்கொண்டே வருவார். என்ன ஆச்சு என்று கேட்டால், "வழுக்கி உழுந்துட்டனுங்க" என்பார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அந்த ஸ்டேஷன்காரர்கள் தரையை இப்படியா பாசி பிடிக்க விடுவார்கள் என்று நான் நெடுநாள் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு வேறு மாதிரிக் கோபம். "பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறாரு. ரேசன் கடைய ஆபீசர் வந்து பாக்கறாரு. ஸ்டேசன மட்டும் ஒருத்தரும் பாக்கக் கூடாதா? அது என்ன சாமி குடியிருக்கற கருவறையா?" என்று களத்தில் நின்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. ஊர் சார்பில் இரண்டு பேர், வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போய், உள்ளே யார் இருக்கிறார்கள், எப்போது கொண்டுவந்தார்கள், நல்லபடியாக இருக்கிறார்களா என்று பார்த்து வர அனுமதி வேண்டும் என்று மனுப் போடக் கிளம்பிவிட்டார். மனுவை எழுதிக் கொடுத்தவர் மளிகைக் கடை பாய். சேலத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். அவர் எழுதினால் படிக்கிறவருக்கே கண்ணில் தண்ணீர் வரும்.

கைநாட்டு வாங்க வீடு வீடாகப் போனதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. மைப்பெட்டி பிடிக்கிற உத்தியோகம். அந்த மாதம் முழுக்க நாகலூரைச் சுற்றியிருந்த ஒரு வீடு பாக்கியில்லாமல் போனோம். போன இடமெல்லாம் எனக்கு ஒரு பலாச்சுளையோ பொரியோ கிடைத்தது. ஒரு கிழவர் தன் கட்டைவிரலை நான் பிடித்து உருட்டியதும், "ஏங்கண்ணு, இத வெச்சு எங்காட்ட எழுதி வாங்கிக்க மாட்டீல்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் அதற்குப் பிறகு செய்ததில்லை.

அப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. போலீசுக்கே நாம போலீசுங்களா அக்கா?" என்றார். "ஊதாத சங்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன தம்பி?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார். மூன்று மனு போனது. மூன்றுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலனை என்றால் என்ன என்று அத்தை கேட்க, "பொட்டிக்குள்ள பத்திரமா இருக்குதுன்னு அர்த்தம்மா" என்றார் பாய்.

இப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை பொழுது இறங்கும் நேரத்தில் ஜீப் எங்கள் மாமாவின் களத்துக்கே வந்தது. காப்பியைக் குவித்துக்கொண்டிருந்தவரை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வியாழக்கிழமை அப்பாவும் பாயும் போய்க் கேட்டார்கள். அப்படி ஆளே இல்லை என்று பதில் வந்தது. அத்தை அன்று சோறு ஆக்கவில்லை. "இல்லாத ஆளுக்கு என்ன வேணா பண்ணலாமே" என்று ஒரு தரம் சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை தாமே கிளம்பினார். எழுதப் படிக்கத் தெரிந்த துணை ஒன்று வேண்டுமே என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். போகிற அவசரத்திலும் மரத்தடியில் நின்று ஆரஞ்சு பறித்து ஒரு கூடை நிறைத்தார். எங்கள் மலையில் வெறுங்கையோடு யார் படியையும் மிதிக்க மாட்டார்கள். பெண் கேட்கப் போனாலும் பழம், சண்டைக்குப் போனாலும் பழம். வேலித் தகராறு பேசப் போகிறவர்கூடத் துண்டில் நாலு கொய்யாவை முடிந்துகொண்டு போய், திட்ட வேண்டியதெல்லாம் திட்டி முடித்து, கொய்யாவைக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். கடை வாசலில் பாய் கூடையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அம்மா, அங்க பழமெல்லாம் வேண்டாம்மா. தப்பா எடுத்துக்குவாங்க."

"பழத்த எப்படிங்க தப்பா எடுக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு அத்தை பஸ்ஸுக்கு நடந்தார்.

ஸ்டேஷனில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எஸ்.ஐ., இளவயசு, கஞ்சி போட்ட சட்டை விறைப்பாக நின்றது. இன்னொருவர் ரைட்டர், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிறவர். காதில் கம்பி மாட்டிய கண்ணாடியோடு ஓய்வுபெறும் வயதில் இருந்தார். அத்தை இருவரையும் கும்பிட்டார்.

"ஏனுங்க ஐயா, எங்கூட்டுக்காரரப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

"நேத்தே சொல்லியாச்சில்ல? அப்படி ஆரும் இங்க இல்ல" என்றார் எஸ்.ஐ.

அத்தை கூடையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். "நம்ம மரத்துப் பழமுங்க. நொம்ப இனிப்புங்க."

எஸ்.ஐ. பழத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்த மனுக்காரி நீதானா? எங்களப் பாக்க ஆளு வைக்கோணும்னு ஊரெல்லாம் கைநாட்டு வாங்கறது, இங்க வந்து லஞ்சம் குடுக்கறது! யோவ் ரைட்டரே, எழுதுய்யா. லஞ்சம் குடுக்க வந்தான்னு இவ மேல எழுது. உள்ள தூக்கிப் போட்டாத்தான் புத்தி வரும்."

நான் ஓவென்று அழத் தொடங்கிவிட்டேன். அத்தை காலில் விழுவார் என்று எஸ்.ஐ. எதிர்பார்த்தார் போலிருக்கிறது, நாற்காலியை வேறு பின்னால் தள்ளிக்கொண்டார். அத்தை விழவில்லை. ரைட்டர் எடுத்து விரித்த பெரிய புத்தகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எழுதுங்க" என்றார்.

ரைட்டர் நிதானமான மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். பேர் என்ன, எந்த ஊர், என்ன கொண்டுவந்தாய், எத்தனை?

"முப்பத்தொண்ணு பறிச்சனுங்க. ஒண்ண இந்தப் புள்ள வழியில தின்னுருச்சு. முப்பதுன்னு போட்டுக்குங்க."

"எதுக்காகக் குடுத்தீம்மா?"

"எங்கூட்டுக்காரர உடச் சொல்லித்தானுங்க."

"பாத்தியா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா!" என்று எஸ்.ஐ. தொடையைத் தட்டினார். ரைட்டர் தலையை நிமிர்த்தாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். "எங்கிருந்து உடச் சொல்லி?"

"இங்கிருந்துதானுங்க. புதன்கெழம பொழுதெறங்க எங்க களத்துல இருந்து உங்க ஜீப்புல கூட்டியாந்தாங்க. அதா, அந்தக் கதவுக்கு அக்கட்டால இருக்கறாருங்க."

பேனா கரகரவென்று ஓடியது. "அவரு பேரு?"

அத்தை வாயைத் திறந்து மூடினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் நாக்கு சொன்னதில்லை. என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "நீ சொல்லு கண்ணு. சத்தமாச் சொல்லு."

அழுகையை முழுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற குரலில், மாமாவின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏஞ்சாமி, நீயா வந்திருக்கற?"

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் எஸ்.ஐ.

"எழுதியாச்சுங்க சார்" என்றார் ரைட்டர். மை காய ஊதினார். "பக்கத்துக்குப் பக்கம் நெம்பர் போட்ட புஸ்தகம். கிழிக்க முடியாதுங்க. நாளைக்குக் காலைல இதோட நகல் சேலத்துக்குப் போகோணும்."

எஸ்.ஐ. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். ஒருவரை விடச் சொல்லி லஞ்சம் கொடுத்தாள் என்றால் அந்த ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும். இருந்தார் என்றால், இரண்டு நாளாக அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்ற கேள்வி வரும். இது எஸ்.ஐ.க்கு அப்போதே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கப் பத்து வருஷம் ஆயிற்று. அத்தை ஜெயிலுக்குப் போகப் போகிறார், இனி எனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்பதுதான் அன்றைக்கு என் கவலை. அரை மணி நேரத்தில் மாமாவை வெளியே விட்டார்கள். தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு மெல்ல வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாமா மேல் வழக்கு எதுவும் போடவில்லை, அத்தை மேல் எழுதியதும் அதற்கப்புறம் நகரவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருஷாந்திரப் பார்வைக்கு வந்து, புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாராம். பிறகு அத்தையையும் பாயையும் வரச்சொல்லி ஆளனுப்பினார். காகிதத்தில் உத்தரவு எதுவும் கடைசிவரை வரவில்லை. வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்: வெள்ளிக்கிழமைதோறும் ஊரிலிருந்து இரண்டு பேர் வரலாம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம், பார்க்கலாம். அந்த வாய்வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தையும் பாயும் ஒன்பது வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் போனார்கள். பாய்க்கு ஜும்மா தொழுகை என்பதால் காலை பஸ்ஸிலேயே போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். எஸ்.ஐ.க்கள் மாறினார்கள், அத்தை மாறவில்லை. புதிதாக வருகிறவர்களிடம், "நான் இந்த ஸ்டேசன் பழைய கேஸ்காரிங்க" என்று தாமே அறிமுகம் செய்துகொள்வார். வழுக்கி விழுகிறவர்கள் வரவரக் குறைந்துபோனார்கள்.

தெரிந்தேதான் பழம் கொண்டு போனீர்களா என்று வளர்ந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "அட போ கண்ணு, பழம் கொண்டு போனது மரியாதைக்கு. ஒத்துக்கிட்டது எங்கூட்டுக்காரருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வந்த சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. மத்தியான பஸ், எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள். மாமா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். பக்கத்தில் அத்தை. மாமா மட்டும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, பஸ்ஸே காலியாக் கெடக்குது, உக்காருங்க" என்றார் கண்டக்டர். "பரவால்லீங்க, நின்னுட்டே வாறனுங்க" என்றார் மாமா. ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டேஷனில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தை, பஸ்ஸில் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தே வந்தார். ஏதோ சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

"ஏன் மாமா நீங்க உக்காரல?" என்று கேட்டேன்.

"எங்கண்ணு நல்லா வேடிக்க பாக்கோணுமில்ல, அதுக்குத்தான்" என்றார்.

அந்த பஸ்ஸில் அத்தனை சீட்டும் காலியாகத்தான் கிடந்தன. எனக்காகத்தான் மாமா நின்றுகொண்டு வருகிறார் என்று, நாகலூர் வரும்வரை நான் ரொம்பப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.