கடைசி பெஞ்சில் ஒரு பேராசிரியை

புள்ளியியல் துறையில் அந்தப் பேராசிரியையைப் போல வகுப்புக்குத் தயாராகி வருபவர் யாரும் இல்லை. அவரைப் பிடிக்காதவர்கள்கூட அதை ஒத்துக்கொள்வார்கள். மணி அடிக்கும்போது பலகை முன்னால் நிற்பார். அடுத்த மணி அடிக்கும்போது பலகையில் மூலை முடுக்கு விடாமல் சூத்திரங்கள் நிறைந்திருக்கும். எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி. புடவைத் தலைப்பில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே வெளியே வருவார், ஒரு நாள் வேலையை ஒழுங்காக முடித்த நிம்மதியோடு.

ஒரு மதியம் கேன்டீன் வரிசையில் நின்றபோது, முன்னால் இரண்டு மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“எக்ஸ்பிரஸ் கிளாஸுக்குப் போகலையாடா?”

“போய் என்ன பண்றது? அது எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாவம், யாரோ இயற்பியல்காரர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தார். அடுத்த வாக்கியத்தில் ‘நிகழ்தகவு’ என்ற சொல் வந்தது. நிகழ்தகவு நடத்துபவர் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே அவர் ஒருவர்தான். கையிலிருந்த தட்டை ஓசைப்படாமல் அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு, சாப்பிடாமலே அறைக்குப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது, பல் டாக்டரான கணவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

“ஏங்க, இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நான் யாரையும் வாயைத் திறக்க வைக்காம ஒரு பல்லைக்கூடத் தொட்டதில்ல. நீ எப்படி இத்தனை வருஷம் சமாளிச்சேன்னு யோசிச்சேன்.”

பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். “அம்மா, சின்ன வயசுல நீ கணக்கு சொல்லிக்கொடுக்க உக்காந்தா நான் எதுக்கு அப்பாகிட்ட ஓடினேன்னு நினைச்சே?”

அந்தப் பருவத் தேர்வில் அவர் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. மாணவர்கள் படிப்பதில்லை, அவ்வளவுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர் மட்டும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டார். நெஞ்சு வரை தாடி வளர்த்தவர். எல்லோருக்கும் அவர் ‘தாடி’தான்.

“மேடம், நாங்க சில பேர் ஒருத்தர் கிளாஸ்ல ஒருத்தர் போய் உக்காந்து பார்க்கறோம். அப்புறம் கூடிப் பேசறோம். நீங்களும் வாங்களேன்.”

“குறை கண்டுபிடிக்கவா?”

“குறையும் இல்ல, பாராட்டும் இல்ல. கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லணும். பேசினது அந்த ரூமை விட்டு வெளிய போகக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.”

அவர் சரி என்றது கற்றுக்கொள்ளும் ஆசையால் அல்ல. தன் பாடத்தில் ஒரு பிசகும் இல்லை என்று சாட்சி சொல்ல நாலு பேர் கிடைப்பார்களே என்றுதான்.

குழு கூடும் இடம் நகலெடுக்கும் அறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறை. உடைந்த நாற்காலிகளும் மை வாடையும் நிறைந்தது. தாடியைத் தவிர, வேதியியலில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியையும், நீதிமன்றத்தை விட்டு வந்து சட்டம் நடத்தும் ஒருவரும் இருந்தார்கள். அவரை ‘வக்கீல்’ என்றே கூப்பிட்டார்கள்.

தாடியும் வேதியியல் ஆசிரியையும் எக்ஸ்பிரஸ் மேடம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். பாடம் வழக்கம்போல வழுக்கிக்கொண்டு போனது. பிறகு மேடம் அந்தச் சின்ன அறையில் தெம்பாகவே வந்து உட்கார்ந்தார்.

வேதியியல் ஆசிரியை தயங்கித்தான் ஆரம்பித்தாள். “மேடம், ‘ஏதாவது சந்தேகம் இருக்கா’ன்னு அடிக்கடி கேட்டீங்க.”

“கேட்டேனே! யாராவது வாயைத் திறந்தாங்களா?”

“கேட்டதும் பலகை பக்கம் திரும்பிட்டீங்க. ஜன்னலோரம் ஒரு பொண்ணு கையைத் தூக்கினா. நீங்க திரும்பிப் பார்க்கறதுக்குள்ள இறக்கிட்டா. அப்புறம் மறுபடி தூக்கினா. அப்பவும் அப்படியேதான் ஆச்சு. அதுக்கப்புறம் அவ தூக்கவே இல்ல.”

“எந்தப் பொண்ணு?”

“நீலப் பை வச்சிருந்தாளே, அவ.”

எவ்வளவு யோசித்தும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. இத்தனை நாளும் தன் எதிரில் உட்கார்ந்திருந்த பெண். அதுதான் சுருக்கென்று தைத்தது. டீயைத் தொடாமல் எழுந்து போனவர், அந்த வாரம் முழுக்கத் தாடியைக் கண்டாலே வேறு படிக்கட்டில் இறங்கினார்.

ஆனால் முறை என்று ஒன்று இருந்தது. அடுத்து அவர் தாடியின் வகுப்பைப் பார்க்க வேண்டும். பழி தீர்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தாடியோ ஒரு போரின் கதையை அப்படியே கண்முன் நிறுத்தினார். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்காத குறைதான். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. அவருக்கும் பழிவாங்கும் எண்ணம் மறந்து போயிற்று. முடிந்ததும் பக்கத்திலிருந்த மாணவனிடம், “அந்தப் போர் எதுக்குப்பா மூண்டுச்சு?” என்று சும்மா கேட்டுவைத்தார். அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் அடுத்தவனைப் பார்த்தான். “தெரியல மேடம். ஆனா செம கதை!”

அதை அப்படியே அறையில் சொன்னார். தாடி தன் தாடியை நீவிக்கொண்டார். பிறகு, “கை தட்டல் வாங்கறதுக்கும் பாடம் நடத்தறதுக்கும் வித்தியாசம் தெரியாம இத்தனை நாள் ஓட்டியிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எக்ஸ்பிரஸ் மேடத்தை என்னவோ செய்தது. இவ்வளவு பெயர் வாங்கியவரே இப்படி என்றால், தனக்கு மட்டும் என்ன வெட்கம்? ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். “சரி, நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க,” என்றார்.

“பதில் சொல்லாதீங்க. கேள்வியை மட்டும் போட்டுட்டு நில்லுங்க,” என்றார் வக்கீல். “குறுக்கு விசாரணையில பாதி வேலையை மௌனம்தான் பண்ணும்.”

என்ன கேள்வி போடலாம் என்று அறையிலேயே ஒத்திகை பார்த்தார்கள். பேருந்து சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நினைத்த நேரத்தில் நிறுத்தத்துக்குப் போனால், சராசரியாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? ஐந்து நிமிடம் என்றாள் வேதியியல் ஆசிரியை. அதற்கும் கூடுதலாக இருக்கும் என்றார் வக்கீல். இரண்டு பேரும் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டதைப் பார்த்தபோது, தன் பாடத்துக்காக மனிதர்கள் இப்படி மல்லுக்கட்டி முதல் முறையாகப் பார்க்கிறோம் என்று மேடத்துக்குத் தோன்றியது.

மறுநாள் வகுப்பில் அதே கேள்வியைப் போட்டுவிட்டு, சாக்பீஸை மேஜையில் வைத்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். வகுப்பு அமைதியாக இருந்தது. மின்விசிறி மட்டும் கடகடத்தது. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த தாடி, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். மேடம் பதிலை விழுங்கிக்கொண்டார்.

“அஞ்சு நிமிஷம் மேடம்,” என்றான் ஒருவன்.

“என் பஸ்ஸெல்லாம் அப்படி வந்ததே இல்லடா,” என்றான் இன்னொருவன். வகுப்பு சிரித்தது.

ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது. இந்தத் தடவை மேடம் திரும்பவில்லை. “சொல்லும்மா.”

நீலப் பைப் பெண் எழுந்தாள். “மேடம், ரெண்டு பஸ் அடுத்தடுத்து வந்துடும். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது. அந்தச் சின்ன இடைவெளியில யார் வந்து நிப்பாங்க? பெரிய இடைவெளியிலதானே நிறைய பேர் வந்து மாட்டுவோம்? அதனால அஞ்சைவிட ஜாஸ்தியாத்தான் இருக்கும்.”

இல்லை என்றான் முதல் பெஞ்சுக்காரன். ஆமாம் என்றது கடைசி பெஞ்ச். ஒருவன் பலகைக்கே ஓடிவந்து கோடு போட்டுக் காட்டினான். கூச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். எப்போதும் ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அறையின் நடுவே நின்று எக்ஸ்பிரஸ் மேடம் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று பலகையில் இருந்ததெல்லாம் மாணவர்களின் கோணல் மாணல் எழுத்து.

அடுத்த தேர்வில் அவர் வகுப்பில் தேறாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செய்தி டீன் காதுக்கும் போயிற்று. பொருளாதாரக்காரரான டீன் நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கண்டாலும் அதற்கு மதிப்பெண் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஆசிரியர் பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: எல்லாத் துறையிலும் இப்படிக் குழுக்கள் வேண்டும், பார்க்கிறவர் பார்க்கப்படுகிறவருக்கு மதிப்பெண் போட வேண்டும், அது பதவி உயர்வுக் கோப்பில் சேர வேண்டும்.

தாடி மறுக்க எழுந்தார். “நீங்க எதுக்குமே மறுப்பு சொல்றவராச்சே,” என்று டீன் சொன்னதும் சபை சிரித்தது. தாடி உட்கார்ந்துவிட்டார். பேரவையில் அதுவரை வாயே திறந்திராத எக்ஸ்பிரஸ் மேடம் எழுந்தார். கால் நடுங்கியது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“சார், பசங்க எனக்கு எக்ஸ்பிரஸ்னு பேர் வச்சிருக்காங்க. உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது.” சபை சிரித்தது. இவரும் சிரித்தார். நடுக்கம் போய்விட்டது. “மார்க் போட வராங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒத்திகை பார்த்து ஒரு நல்ல கிளாஸைக் காட்டியிருப்பேன். கையைத் தூக்கின பொண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. என்னைக்கும்போல நடத்தினதாலதான் என் தப்பு வெளிய வந்துச்சு. இதுக்கு மார்க் வச்சீங்கன்னா எல்லாரும் கதவைச் சாத்திக்குவோம். அளக்கறதே என் தொழில், அதனால சொல்றேன். இதை மட்டும் அளக்காதீங்க.”

“அப்போ வேலை நடக்குதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“வந்து பாருங்க சார். கடைசி பெஞ்சுல இடம் பிடிச்சு வைக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை. மறு வாரம் நான் உங்க கிளாஸுக்கு வருவேன்.”

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அது வக்கீல் என்று பிறகு தெரிந்தது. டீனின் முகம் சிவந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். “மார்க் வேணாம்கிறவங்க கையைத் தூக்குங்க.”

சபை முழுக்கக் கைகள் எழுந்தன. டீனும் கடைசியில் ஒரு கையைத் தூக்கினார்.

வெளியே வராந்தாவில் மேடத்தை யாரும் நடக்கவிடவில்லை. “எங்க துறையில நாங்க நாலு பேர் இருக்கோம். எப்படி ஆரம்பிக்கறது?” என்று தாவரவியல்காரர்கள் மறித்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு இசைத்துறை அம்மாள் கையைப் பிடித்தார். வேதியியல் ஆசிரியை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தாடி தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

சாயங்காலம் வீட்டில் காலணியைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். டீனாக ஆனார், தாடியாக ஆனார், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய தானாகவும் ஆனார். கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகளுக்கு விக்கலே வந்துவிட்டது.

“இன்னொரு தடவைம்மா,” என்றாள் மகள் தண்ணீரைக் குடித்துவிட்டு. “டீன் முகம் சிவந்த இடத்துலேருந்து!”