முனியப்பனின் வடக்குப் பார்வை

நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் எங்கள் எருமை இருக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினேன். ஒரு காலம் என்றால் வருடக்கணக்கில் இல்லை. ஒன்பது வயதில், ஒரு புதன்கிழமை மத்தியானம் தொடங்கி வெள்ளிக்கிழமை காலை வரை. ஆனால் அந்த இரண்டு நாளில் உலகத்தைத் தாங்கிப் பிடித்த களைப்பு இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. டாக்டர் அதை எலும்புத் தேய்மானம் என்கிறார். அவருக்கு விவரம் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. சேலத்தில் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். லீவு விட்டால் ஒரு மூட்டை அழுக்குத் துணியும் ஒரு தடித்த புத்தகமும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். துணி அம்மா துவைப்பதற்கு. புத்தகம் மாமா தலைக்கு வைத்துப் படுப்பதற்கு. அந்தப் புதன்கிழமை எருமை கட்டும் கட்டுத்தறி நிழலில் படுத்திருந்தவர், என்ன நினைத்தாரோ, புத்தகத்தைத் தலையடியிலிருந்து உருவி எனக்குக் குவாண்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

“எலக்ட்ரான்னு ஒரு பொடித் துகள் இருக்குதுடா. நாம பாக்கற வரைக்கும் அது ஒரு எடத்துல இருக்காது. பொகையாட்டம் எல்லாப் பக்கமும் பரவிக் கெடக்கும். பாத்தோம்னா சட்டுனு ஒரு எடத்துல வந்து உக்காந்துக்கும்.”

“பாக்கலீனா?”

“இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லீன்னும் சொல்ல முடியாது.”

“எருமைங்க மாமா?”

மாமா எருமையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “எருமையும் அதுகள வெச்சுப் பண்ணுனதுதானடா.”

போதாதா? அன்று மத்தியானம் முழுக்க எருமையை வைத்து ஆராய்ச்சி செய்தேன். முதுகைக் காட்டி நின்று திடீரென்று திரும்பினேன். எருமை இருந்தது. வைக்கோல்போருக்குப் பின்னால் போய், அது எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். இருந்தது. நான் பார்த்த கணத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்? எருமை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைபோட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. அதற்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்ததோ என்னவோ.

பிறகு ஒரு பெரிய கேள்வி வந்தது. அரைத்தூக்கத்தில் இருந்த மாமாவை உலுக்கினேன்.

“ராத்திரி எல்லாரும் தூங்கிட்டா ஆருங்க மாமா பாப்பாங்க?”

“அதுக்குத்தான சாமி இருக்குது. நம்ம முனியப்பன் எப்பவாச்சும் கண்ண மூடிப் பாத்திருக்கறயா? போடா, போய் வெளையாடு.”

மனசு குளிர்ந்துவிட்டது. எங்கள் முனியப்பன் ஏரிக்கரையில், சேலம் போகும் தார்ரோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார். சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சிலை, மூன்று ஆள் உயரம். கையில் அரிவாள், காது வரைக்கும் மீசை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு கண்கள். அந்தக் கண்ணில் எது தப்ப முடியும்?

சாயங்காலம் கடைக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்தேன். கையிலிருந்த எண்ணெய்த் தூக்கு நழுவி விழுந்தது. முனியப்பனுக்குக் கண் இல்லை. இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

வெள்ளிக்கிழமை முனியப்பனுக்கு நோம்பி, ஊர்த் திருவிழா. அதற்காக நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். சாரத்தில் நின்றுகொண்டு மீசைக்குக் கறுப்பு ஏற்றிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார்.

“வெள்ளிக்கெழம வெடியால பூச போட்டுத்தான் கண்ணு தொறக்கறது தம்பி. அது வரைக்கும் உங்க முனியப்பனுக்கு லீவு.”

நான் பயந்தது எருமைக்காக இல்லை, அதை நான் பார்த்துக்கொள்வேன். அப்பா அப்போது ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தார். கூடக் கிளம்பிய இன்னொரு லாரி முந்தாநாளே திரும்பிவிட்டது. அப்பாவைப் பற்றி எட்டு நாளாகத் தகவல் இல்லை. அவரை இப்போது யார் பார்க்கிறார்கள்? கிளீனர் அண்ணன் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுகிற ஆள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அப்பா ரோட்டைப் பார்ப்பார், தன்னைப் பார்க்க மாட்டார். லாரிக் கண்ணாடியில் தெரியுமே என்று ஒரு நம்பிக்கை வந்தது. அதிலும் பின்னால் வருகிற வண்டிதான் தெரியும் என்று ஞாபகம் வந்து, அதுவும் போனது. என் அப்பா ஆந்திராவைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில், ஜவ்வரிசியோடு சேர்ந்து புகையாகப் பரவிக் கிடக்கிறார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் பெயிண்டர் சோற்றுப் போசியைக் காலி செய்துவிட்டுப் புளியமரத்தடியில் துண்டை விரித்தார். அவர் குறட்டை விடத் தொடங்கியதும் சாரத்தில் ஏறினேன். மீசைக்கு வைத்திருந்த கறுப்பு டப்பா அங்கேயே இருந்தது. முனியப்பனின் மூக்கைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்குள் ஒரு கருவிழி வரைந்தேன். நடுவில் வரையவில்லை. கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறவர் நடுவில் பார்த்தால் ஏரி மீன்தான் பிழைக்கும். நாக்பூர் வடக்கே இருக்கிறது. ஆகவே விழியை வடக்கு ஓரத்தில், எவ்வளவு ஒதுக்க முடியுமோ அவ்வளவு ஒதுக்கி வைத்தேன். இன்னொரு கண்ணுக்குப் பிரஷ்ஷை நனைக்கும்போது மரத்தடியில் குறட்டை நின்றது. எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கால் தரையில் பட்டபோது நான் எங்கள் வீட்டு வாசலில் இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. ஒற்றைக் கண்ணால், ஓரமாக, சேலம் ரோட்டை முறைத்துக்கொண்டிருந்தார் முனியப்பன்.

“நான் தொடவே இல்லீங்க,” என்றார் பெயிண்டர். பொய் இல்லை. தூங்கியதை மட்டும் சொல்லவில்லை.

பூசாரி நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார். “தானாத் தொறந்திருக்கறாருங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் அவராலயே பொறுக்க முடியலீங்க.”

கற்பூரம் எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். குவாண்டம் படித்த என் மாமா, சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியவர் கண்ணில் என் விரல்கள் பட்டன. எல்லாம் மீசைக் கறுப்பு.

என் கையைத் தன் துண்டுக்குள் சுற்றி வீட்டுக்கு இழுத்து வந்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“எதுக்குடா பண்ணுன?”

“அப்பாவ ஆருமே பாக்கலீங்களே மாமா.”

தேய்ப்பது நின்றது. இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினார். “உங்கம்மாகிட்டச் சொல்லீராத,” என்று மட்டும் சொன்னார்.

அம்மா அன்று இருட்டும் வரைக்கும் ஏரிக்கரையை விட்டு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, முனியப்பனுக்கு முன்னால் நின்று அந்த ஒற்றைக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பி, கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகத் தானும் ரோட்டைப் பார்த்து நின்றார். விழி கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார், அளவு பார்க்கிறார் என்றுதான் நான் பயந்து ஒளிந்தேன். எட்டு நாளாக அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனது எதற்கு என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

தானாகத் திறந்த கண்ணை அழிக்கக் கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பெயிண்டர் மறு கண்ணையும் அதற்கு ஜோடியாக, வடக்கு ஓரத்தில் வரைந்தார். வரைந்துகொண்டே கூட்டத்தில் இருந்த என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் எத்தனையோ தடவை வர்ணம் மாறிவிட்டது, பார்வை மாறவில்லை. வடக்கே லோடு ஏற்றி லைன் போகிற டிரைவர்கள் இப்போதும் அங்கே வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறார்கள். நானும் கும்பிட்டுக்கொள்கிறேன், ஆனால் நிமிர்ந்து கண்ணைப் பார்ப்பதில்லை. எங்களுக்குள் அது கொஞ்சம் சங்கடம்.

வளர்ந்து நான் லாரி ஸ்பேர் கடை வைத்த பிறகு, ஜீப்புக்குக் கண்ணாடி வாங்க ஓர் இயற்பியல் பேராசிரியர் வந்தார். விடுவேனா, மாமா சொன்ன எலக்ட்ரான் விஷயத்தைக் கேட்டுவிட்டேன்.

“அதுல பாக்கறதுன்னா கண்ணுல பாக்கறது இல்லீங்க,” என்றார். “ஒரு துளி வெளிச்சம் மோதுனாப் போதும், ஒரு தூசி ஒரசுனாப் போதும். மனசு, அறிவு எதுவும் வேணும்னு இல்லீங்க. எங்காளுக பலபேரு அப்படித்தான் சொல்றாங்க. சண்ட இன்னும் ஓயல.”

“அப்பச் சாமிங்க?”

“அந்தக் கேள்வியே எங்க கணக்குல வர்றதில்லீங்க. கண்ணாடிய எடுத்துப் போடுங்க, நேரமாச்சு.”

தூசி போதும் என்றால், அத்தனை வெயிலும் புழுதியும் ஈயும் மொய்த்துக்கொண்டிருந்த எங்கள் எருமையை நான் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அப்பா அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். குளித்தார், மூன்று முறை சோறு வாங்கித் தின்றார், பிறகுதான் பேசினார். பாலம் உடைந்திருந்ததால் காட்டு வழியில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அங்கே ஆக்சில் முறிந்துவிட்டது. சாமான் வாங்கக் கிளீனர் அண்ணன் புதன்கிழமை விடியற்காலையில் நடந்து போனவர், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பி வந்திருக்கிறார். நான் சாரத்தில் ஏறியது அதற்குப் பிறகு, அன்று மத்தியானம். அந்த ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓர் ஆள்கூட அந்தப் பக்கம் வந்து அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா லாரிக்கு அடியில் படுதாவை விரித்துப் படுத்து நன்றாகத் தூங்கியிருக்கிறார்.