பதினேழாம் மரத்தில் துணிக்கொடி

ஒரு மரத்துக்காக வீட்டுச் சுவரை வளைத்துக் கட்டுகிறீர்கள். ஒரு மனுஷிக்காக வளைப்பீர்களா?

கட்டட வரைபட அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. இருபத்திரண்டு வருட வேலை. ஒரு டாக்டர் குடும்பம் காட்டுக்குள் வீடு கேட்டது: ஒரு மரமும் சாயக்கூடாது, வீடு இருப்பதே வெளியே தெரியக்கூடாது. சர்வேயர் தந்த படத்தில் நாற்பத்தொரு மரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், ஒரு எண். நடுவே வெறும் வெள்ளையாக ஓரிடம். அங்கே வீட்டை வைத்தாள். பதினேழாம் மரத்துக்கு வழிவிட்டுச் சமையலறையை முழங்கை போல மடக்கினாள். முதலாளி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படத்தைக் காட்டிப் பூரித்தார்.

படம் வரைகிறவர்கள் மனைக்குப் போவதில்லை; அது அந்த அலுவலகத்தின் வழக்கம். அளவு குறிக்க வேண்டிய இன்ஜினியர் காய்ச்சலில் படுத்துவிட, முதல்முறையாக அவளே குச்சியும் கயிறுமாகக் கிளம்பினாள். பதினேழாம் மரம் கிடைத்தது. வெள்ளைப் பெயின்டில் எண். எண்ணுக்கு மேலே துணிக்கொடி. அதில் சொட்டச் சொட்ட ஒரு சட்டை.

கொடியின் மறுமுனையில் வீடு. மண்சுவர், பாசி படர்ந்த கூரை. பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கே படாது. அவள் வரைந்த சமையலறை வரவேண்டிய இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

குச்சியையும் கயிற்றையும் கீழே வைத்தாள்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். "அளக்க வந்தீங்களாம்மா? போன தடவை வந்த தம்பி தங்கமான புள்ள. ரெண்டு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாரு. எங்களுக்குத்தான் ஒண்ணும் போடல!" சிரித்தாள்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"எனக்குப் பல்லு முளைச்சதே இங்கதான்."

அங்கிருந்தே அக்கா சர்வேயருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மரமும் பாறையும்தான் கேட்டாங்க. பட்டா, பத்திரம் எதுவும் இல்லாத வீட்டுக்கு நம்ம படத்துல குறி ஏது?"

"தண்ணி வாங்கிக் குடிச்சியேடா, பாவி!"

"தாகமா இருந்துச்சுக்கா."

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவரும் பதறித்தான் போனார். "ஐயையோ, அதுக்காக மரத்தை வெட்டிடாதீங்க!"

அவள் எடுத்துவந்த மண்வீட்டின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே முதலாளி கேட்டார்: "படத்துல இல்லாதது மனையில எப்படிம்மா இருக்கும்?" காணாததை நம்புகிறவர்களோடாவது வாதாடலாம். கண்ணெதிரே இருப்பதை இல்லையென்று சாதிக்கும் இவர்களை என்ன செய்வது?

அக்கா மறுபடி போனாள். அந்த வீட்டை நாடா பிடித்து அளந்தாள். இரண்டு அறை, ஓர் அடுப்படி, ஐந்து பேர். மரங்களுக்கு நடுவே அதையும் மையில் வரைந்து முதலாளி மேசையில் வைத்தாள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.

அனுமதிக்குப் போன கோப்பில் இருப்பது பழைய படம்தான். ஆட்சேபணை சொல்ல இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தினமும் காலை பத்து மணிக்கு அனுமதி அலுவலக வாசலில், தன் படத்தின் நகல்களோடு அக்கா நிற்கிறாள். போங்கள். ஒன்று வாங்குங்கள். 'இங்கே ஒரு குடும்பம் வசிக்கிறது' என்று உங்கள் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ளே கொடுங்கள்.