நாலாம் டிவிஷனுக்கு ஒரு மொட்டை

போர்ட் பிளேரில், மே மாதப் புழுக்கத்தில், கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருக்கும். அம்மாவின் தம்பி. அந்த ஊரின் டாலிகஞ்ச் பகுதியில் எங்களோடுதான் இருந்தார். கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. வாரமெல்லாம் இந்தி, பெங்காலி, தெலுங்கு, தமிழ் என்று சகல பாஷையிலும் திட்டு வாங்குவார். சனிக்கிழமை ராத்திரியானால் அந்த மஞ்சள் கறுப்பு மப்ளரைக் கட்டிக்கொண்டு, கைப்பேசியும் கையுமாக மாடிக்கு ஏறிவிடுவார். பின்னாலேயே நானும் ஏறுவேன்.

மப்ளர் வந்த கதையை மாமா சலிக்காமல் சொல்வார். ஒருநாள் கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தாகிவிட்டது. கவுண்டரில் நின்றவர்கள் மாமாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டிக்கொண்டிருக்க, வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மட்டும், காற்று அடித்தால் எங்கள் ஊரிலும் இதே பாடுதான் என்று சிரித்தாராம். திட்டாத பயணியைப் பார்த்ததும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே கூட்டிவந்து, தன் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, டீயும் சமோசாவும் வாங்கிக்கொடுத்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அன்று முழுக்கத் தன் ஊர் கால்பந்து கிளப்பைப் பற்றியே பேசினாராம். போகும்போது பையிலிருந்து மப்ளரை எடுத்து மாமாவின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். அந்தமானுக்கு வருகிற மனுஷன் கம்பளி மப்ளரை ஏன் தூக்கிக்கொண்டு வந்தான் என்று அம்மா கேட்டாள். கிளப்பை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனசு வந்திருக்காது என்றார் மாமா.

அது நாலாம் டிவிஷன் கிளப். ஸ்காட்லாந்து லீக்கில் அதுதான் கடைசிப் படி, அதற்குக் கீழே வட்டாரப் போட்டிகள்தான். கீழே விழுந்தால் வெளியேதான். மைதானம் கடலை ஒட்டி இருந்தது. அலை உயர்ந்தால் கார்னர் அடிக்கிறவர் நனைந்துவிடுவார். கோல்கீப்பர் பகலில் தபால்காரர், இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் குழாய் ரிப்பேர் பார்க்கிறவர். மழை பெய்தால் முந்நூறு பேர் வருவார்கள், பெய்யாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே முந்நூறு பேர்தான். லைன்ஸ்மேனை எல்லோரும் பெயர் சொல்லியே திட்டுவார்கள், ஏனென்றால் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். இடைவேளையில் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் விற்பார்கள். ஆட்டம் எப்படிப் போனாலும் அந்தப் பை நன்றாக இருக்குமாம்.

ஆட்டம் எப்படிப் போகும் என்பதை மூடி மறைப்பதற்கில்லை. பந்து பெரும்பாலும் ஆகாயத்தில் இருக்கும். அப்போது எங்கள் தீவில் இணையம் எறும்பு வேகம், வீடியோவெல்லாம் கனவு. அந்தக் கிளப்பில் யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் மழையில் நின்றுகொண்டு, நடப்பதை வரிவரியாக எழுதிப் போடுவார். அதை வாசித்துத்தான் நாங்கள் பார்த்தோம். "பலமான காற்று. எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து எங்கள் கோல்கீப்பரிடமே திரும்பி வந்துவிட்டது" என்று ஒருநாள் எழுதியிருந்தார். நானும் மாமாவும் தண்ணீர் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அப்பாவுக்கு இது எதுவுமே பிடிபடவில்லை. அவர் டிவியில் பெரிய ஐரோப்பிய கிளப்புகளை மட்டும் பார்ப்பவர், அதுவும் ஜெயிக்கிற பக்கம் எதுவோ அந்தப் பக்கம். "தோக்குறதுக்குன்னே ஒரு டீமைத் தேடிப் பிடிச்சிருக்கியே மச்சான், உனக்குத்தான் பொண்ணு அமைய மாட்டேங்குது" என்பார். கடைசி வரி மட்டும் மாமாவைச் சுருக்கென்று தைக்கும். அதற்கு முன்னால் இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரிஃப்ரெஷ் பட்டனை அழுத்துவது என் உத்தியோகம். கவிழ்த்துப் போட்ட பச்சை வாளியின் மேல் உட்கார்ந்து நான் இடது கையால் அழுத்தினால் கோல் விழும் என்று மாமா கண்டுபிடித்திருந்தார். ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. மூத்திரம் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். அழுத்தியதும் திரை வெள்ளையாகும். நடுவில் ஒரு சக்கரம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதோ பக்கம் திறக்கும்போது திரை முழுக்கக் கிளப்பின் மஞ்சள் நிறம் பரவும். மஞ்சள் வந்தால் சேதி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருஷம் கிளப் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. கீழேயிருந்து மேலே வரத் துடித்த ஒரு அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். தோற்றால் லீக்கை விட்டே போக வேண்டியதுதான். முதல் ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றார்கள். மறுநாள் காலையில் மாமா என்னை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு, எனக்கும் கேட்கும்படியாகவே வேண்டினார்.

"முருகா, எங்க பசங்க லீக்ல தங்கிட்டா மொட்டை போடுறேன். ஜெயிச்ச மறுநாள் காலையிலயே போடுறேன்."

வெளியே வந்ததும், மறுநாளே ஏன் மாமா என்று கேட்டேன். "தேதி போட்டாத்தான் பாப்பா ஃபைல் நகரும்" என்றார். கவர்ன்மெண்ட் உத்தியோகஸ்தர் இல்லையா! முருகனிடமும் அதே முறையில்தான் போனார்.

முடி என்றால் சாதாரண முடியில்லை. மாமாவிடம் நின்று பார்க்கும்படியாக இருந்ததே அந்தத் தலைமுடி ஒன்றுதான். முன்னால் சுருண்டு நெற்றியில் விழும். கார் நிக்கோபாரில் அரசாங்க வேலையில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் போட்டோவைப் பார்த்துப் பெண் கொடுக்கச் சம்மதம் சொன்னதே அந்த முடிக்காகத்தான் என்று அம்மா நம்பினாள். வியாழக்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். சனிக்கிழமை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் மொட்டை. எல்லாம் கணக்காக இருந்தது.

கப்பல் வரவில்லை. மழைக்காலம் முன்கூட்டியே கிளம்பி, கடல் பொங்கி, கார் நிக்கோபார் கப்பலை நிறுத்திவிட்டார்கள். கப்பல் ரத்து என்ற பலகையைக் கவுண்டரில் மாட்டியதே மாமாதான். பெண் வீட்டார் சனிக்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்து, போர்ட் பிளேரிலேயே பத்துபஸ்தியில் உறவுக்காரர் வீட்டில் இறங்கினார்கள். நிச்சயம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று மாறியது. சனி ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவின் முடியைப் பார்த்தேன். விஷயம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று பாதி ஆட்டம் முடிந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். மாமா மப்ளரைக் கழற்றிவிட்டுக் கீழே போய்க் கும்பிட்டு, எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்துவிட்டு, டேங்க்கில் தண்ணீர் ஏறுகிறதா பார்க்கணும் என்று மறுபடி மாடிக்கு ஓடிவந்து மப்ளரைக் கட்டிக்கொண்டார். கோல் இல்லை. நான் வாளியை விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பரவியது: ஒரு கோல்! காற்றே உள்ளே தள்ளிவிட்டதாக எழுதியிருந்தது. மாமா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார். இப்போது கணக்குச் சமம். இன்னொன்று வேண்டும். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரை வெள்ளையாகிச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அப்படியே நின்றுவிட்டது. கைப்பேசியை டேங்க் மேல் வைத்தோம், கொடிக் கம்பியில் தொங்கவிட்டோம். ஊஹூம்.

"உடம்பு சரியில்லையா?"

படியில் பெண் நின்றுகொண்டிருந்தார். அத்தையாகப் போகிறவர். என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற சாக்கில் ஏறி வந்திருந்தார். புழுக்கத்தில் கம்பளி மப்ளரும் வழிகிற வியர்வையுமாக நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்டதில் தப்பில்லை. மாமா அவசரமாக மப்ளரை அவிழ்க்கப் பார்த்தார். நான்தான் மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன்: ஸ்காட்லாந்து, தபால்காரர், முதல் ஆட்டம், முருகன், மொட்டை, ஞாயிற்றுக்கிழமை. மாமா "அரே, சுப், சுப்" என்று இந்தியில் என் வாயை மூடப் பார்த்தார். நான் மூடவில்லை.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல கிராமத்துக்குக் கிராமம் ஃபுட்பால்தான். ஸ்கூல் கிரவுண்ட்ல ஓங்கி அடிச்சா பந்து கடல்லதான் போய் விழும். நீந்திப் போய் எடுத்துட்டு வருவாங்க" என்றார். பிறகு, "எனக்கு வேற கம்பெனி சிம். பாக்கட்டுமா?" என்று தன் கைப்பேசியை எடுத்து, முகவரியைக் கேட்டுத் தட்டி, கைப்பிடிச் சுவரோரம் போய்த் தூக்கிப் பிடித்தார். சற்று நேரம் பார்த்தார். அவர் முகவாயில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. சட்டென்று கைப்பேசியைப் புடவைத் தலைப்போடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய பெரிய டீம் இருக்கும்போது ஏன் இதைப் பிடிச்சீங்க?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெரிய டீமுக்கு என்னங்க, நான் இல்லைன்னா தெரியவா போகுது? இவங்களுக்கு முந்நூறு பேர்தான். ஒருத்தர் வராட்டியும் தெரியும். அந்தப் பெரியவர் மப்ளரைக் கழுத்துல போட்டுட்டுப் போயிட்டாரு. தோக்குறாங்கன்னு கழட்டி வைக்க முடியுமா?"

"ஜெயிச்சா நாளைக்கே மொட்டையா? எங்கப்பா வேண்டாம்னு எழுந்து போயிட்டா?"

மாமா முடியைக் கோதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமும் வேண்டும், கோலும் வேண்டும். "ஒரு வாரம் தள்ளிப் போட்டா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு, தெரியும்" என்றார் மாமா. "ஆனா தேதி போட்டது நான்தானே. சொன்னா சொன்னதுதாங்க. மன்னிச்சுக்குங்க."

"அத்தை, ரிஃப்ரெஷ் பண்ணுங்க அத்தை!" என்று வாளியிலிருந்து நான் கத்தினேன்.

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு சைபர். கடைசி நிமிஷம். அந்தக் குழாய் ரிப்பேர்காரர் முழங்கால்ல பட்டு உள்ளே போயிருக்கு. எப்படிப் பட்டதுன்னு அவருக்கே தெரியலையாம்."

மாமா போட்ட கூச்சலில் டாலிகஞ்ச் நாய்களெல்லாம் குரைத்தன. என்னை வாளியோடு சேர்த்துத் தூக்கிச் சுற்றினார். கீழேயிருந்து அம்மா, "டேய், டேங்க் வெடிச்சிருச்சா?" என்று கத்தினாள். இப்போதும் எங்காவது எதிர்பாராத நல்ல சேதி வந்தால், முழங்காலில் பட்டு உள்ளே போச்சு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வது வழக்கம்.

காலையில் பத்து மணிக்குப் பட்டு வேட்டியும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையுமாக மாமா கூடத்துக்குள் வந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நல்ல காரியத்துக்கு முந்தி யாராவது தலையை மழிப்பாங்களாடா? யாரு செத்தாங்கன்னு கேப்பாங்களேடா!" பெண்ணின் அப்பா மாமாவையே நேராகப் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க என்றார். இதுதான் மாப்பிள்ளை என்று அப்பா சொன்னதும் அவர் முகம் போன போக்கு! தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நான் பயந்தே போனேன்.

உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல்தான் முதலில் வந்தது. "அப்பா, அது வேண்டுதல். எனக்கும் தெரியும். நானும் சரின்னுதான் சொன்னேன்."

அவர் எப்போது சரி என்று சொன்னார்? நான் அங்கேயே வாளியில்தானே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாமல் எப்போது? எனக்கு விளங்கவில்லை. ஆனால் சாமி காரியம் என்று ஆனபிறகு அந்த அப்பா தட்டை முன்னால் நகர்த்தினார். தட்டு மாற்றினார்கள். எங்கள் அப்பா என் காதில், தோற்றிருந்தால் முடியாவது மிஞ்சியிருக்கும் என்றார்.

மாமாவுக்கு முடி வளர்ந்தது. பிறகு வயதாகித் தானாகவே போயும்விட்டது. கடலுக்கடியில் கேபிள் வந்து இணையம் பறக்கிறது. சனிக்கிழமைகளில் அவர்கள் இருவரும் ஒரே மப்ளரை ஆளுக்கொரு முனையாகப் போர்த்திக்கொண்டு, பந்து ஆகாயத்தில் நிற்பதை வீடியோவிலேயே பார்க்கிறார்கள். போன மாதம் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைத்திருந்தார்கள். கிளப்பின் பக்கம் திறந்ததும் மஞ்சள் வெளிச்சம் அத்தையின் முகவாயில் விழுந்தது.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. அந்த வெளிச்சத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சக்கரம் சுற்றும்போது திரை வெள்ளையாகத்தானே இருக்கும்? அன்று மாடியில் மஞ்சள் விழுந்த பிறகுதான் அவர் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். ஜெயித்தது தெரிந்தே கேட்டிருக்கிறார். மாமா பதில் சொல்லி முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நானோ வாளியின் மேல் உட்கார்ந்து நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.