நெக்கார் பாலத்தில் அண்ணை நின்ற இடம்

ஹைடெல்பெர்கில், நெக்கார் ஆற்றின் பழைய கல் பாலத்தில் பனி உறைந்து கிடக்கிறது. அண்ணையை இந்த ஊரில் அடக்கம் செய்து எட்டு மாதமாகிறது. கனடியக் கடவுச்சீட்டு கையில் கிடைத்த பிறகுதான் மொன்றியாலில் இருந்து என்னால் வர முடிந்தது. அண்ணையோடு உணவகத்தில் கோப்பை கழுவிய சிவம் பாலத்தின் சுவரைக் காட்டுகிறார்.

“உங்கட அண்ணை இதில நிண்டுதான் உங்களோட கதைக்கிறவர், தங்கச்சி.”

“இந்தக் குளிருக்கையோ? அறையில இருந்து கதைக்கலாம்தானே?”

“அறையில நாங்கள் ஆறு பேர். போனை வைச்ச உடன அழுவார். ஒருத்தரும் பார்க்கக்கூடாது எண்டுதான் இஞ்ச வாறவர்.”

ஞாயிறுதோறும் அவசரமாகப் பேசி வைத்துவிடுவார். எங்கள் மேல் பாசம் விட்டுப்போயிற்று என்று நான் கோபித்துக்கொண்டேன். கடைசி இரண்டு ஞாயிறும் அவர் அழைத்தபோது நான் எடுக்கவில்லை.