ஊர்காவற்றுறை ஜாஸ் கோஷ்டி

ஜாஸ் வாசிப்பதில் உள்ள கஷ்டம், நீங்கள் சரியாக வாசிக்கும்போதுதான் சனம் உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும் என்பதுதான். கலியாண வீட்டில் வாசித்து, "தெரிஞ்ச பாட்டு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கப்பட்ட எல்லாருக்கும் இது விளங்கும். தெரிந்த பாட்டை எடுத்து, நேரே வாசிக்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வாசிப்பதுதான் என் தொழில். கொழும்பு ஹோட்டலொன்றில் பியானோவில் அதைச் செய்துகொண்டிருந்தேன். சண்டை ஓய்ந்த சமாதானக் காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் அம்மாவைப் பார்க்க ஊர்காவற்றுறைக்கு வந்தவள், அங்கேயே நின்றுவிட்டேன்.

முதல் பூசை

வந்த கிழமையே மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கக் கூப்பிட்டார்கள். கடைசிப் பாட்டில் கை சும்மா இருக்கவில்லை. இடையிடையே கொஞ்சம் ஜாஸைக் கலந்துவிட்டேன். பாடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஆனாலும் விடாமல் பாடி முடித்தார்கள். பிறகு குழுவை நடத்தும் மேரி அக்கா என் தோளில் கைவைத்து, மிகவும் இரக்கத்தோடு சொன்னா: "கீபோட் பழுதெண்டால் வெக்கப்படாமல் சொல்லும் பிள்ளை. கனடாவில இருக்கிற தம்பியிட்டச் சொல்லிப் புதுசு எடுப்பிப்பம்."

பஸ்ஸில் கிடைத்த ட்ரம்காரர்

தனியே வாசித்தால் திட்டைப் பங்குபோடவும் ஆளில்லை. பியானோவுக்கு நான், ட்ரம்முக்கும் பேஸ் கிற்றாருக்கும் ஆட்கள் வேண்டும். ஒருநாள் குறிகட்டுவான் பஸ்ஸில் கொண்டக்டர் கணேஸ் தகரத்தில் தட்டிய தட்டு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பஸ் குழியில் விழுந்தெழும்ப, அவர் அந்த ஆட்டத்துக்குச் சற்றே பிந்தித் தட்டினார். நான் தேடியது அதைத்தான். "தம்பி, நீர் ட்ரம் அடிப்பீரோ? என்ர கோஷ்டிக்கு வாறீரோ?" என்று அந்த நெரிசலிலேயே கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல ரிக்கெற்றை எடுங்கோ அக்கா. விசர் பிடிச்ச ஆளெண்டாலும் ரிக்கெற் எடுக்கத்தான் வேணும்."

அந்தோனியின் நாலு சுரம்

கணேஸ் பள்ளிக்கூட பாண்டில் ட்ரம் அடித்தவராம். இரண்டாம் முறை கேட்க வந்துவிட்டார். பேஸுக்கு மண்டைதீவு அந்தோனி. கடலுக்குப் போகாத நாளில் கிற்றார் வாசிக்கிறவர். "ஆறு கம்பி வாசிச்ச எனக்கு நாலு கம்பியோ?" என்று முதலில் கோபித்தார். மற்றவர்கள் பாட்டை வாசிக்க, அடியில் நின்று அதைத் தாங்குவதுதான் பேஸ் என்று விளங்கப்படுத்தினேன். நான் கொடுத்த நாலு சுரத்தையே ஒரு கிழமை முழுக்கத் தன் வீட்டில் வாசித்தார்.

அடுத்த பயிற்சிக்கு அவருடைய மனைவி றீற்றாவும் வந்தா. முறைப்பாடு என்று பயந்தேன். "நல்ல வேலைதான் குடுத்திருக்கிறியள் அக்கா. கலியாணம் செய்த நாளில இருந்து அவர் ஒரு கதையையே திருப்பித் திருப்பிச் சொல்லுறவர். இப்ப அதுக்கு மெட்டாவது இருக்கு."

இறங்குதுறைச் சோதனை

நெடுந்தீவில் ஒரு கலியாணத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். வள்ளம் ஏறும் குறிகட்டுவான் துறையில் கடற்படைச் சோதனை. பெட்டியைத் திறந்த சிப்பாய், இது உண்மையில் கீபோட்தானா என்று வாசித்துக் காட்டச் சொன்னார். காவலரணில் இருந்து கரண்டுக்கு வயர் இழுத்தார்கள். அவர் மறித்தால் கலியாணமும் இல்லை, கோஷ்டியும் இல்லை. கணேஸ் மீன்பெட்டியொன்றில் தட்ட, முழுப் பாட்டையும் வாசித்து முடித்தேன். சிப்பாய் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி அக்கா, செக் பண்ணினது போதும். இனிப் பாட்டு வாசிங்க."

ஜெனரேற்றர்

எப்படியோ போய்ச் சேர்ந்தோம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் உள்ளே வந்த அதே நேரம் ஜெனரேற்றர் நின்றது. கீபோட்டும் இல்லை, பேஸும் இல்லை. பொம்பிளையின் தகப்பன் முகம் கறுத்துப்போனது. பக்கத்துக் கோயிலில் இருந்து, காலால் மிதிக்கும் பழைய ஹார்மோனியத்தைத் தூக்கிவந்தார்கள். அந்தோனி தன் பங்கை வாயால் உறுமினார். கணேஸ் ட்ரம்மை மெல்லத் தடவினார். அன்றுதான் மூன்று பேரும் ஒருவர் வாசிப்பதை ஒருவர் உண்மையாகக் கேட்டோம். முதலில் பிள்ளைகள் ஆடினார்கள், பிறகு பெரியவர்களும் எழும்பிவிட்டார்கள். ஜெனரேற்றர்காரர் வேர்த்து வழிய அதைத் திருத்தி முடிக்க, தகப்பன் அவரிடம் ஓடினார். "ஐயோ, அதைப் போடாதை! இப்பத்தான் இவையள் நல்லா வாசிக்கினம்."

போன்

திரும்பவும் சண்டை தொடங்கியது. கடலுக்குப் போகத் தடை. அந்தோனி, எங்களிடம் சொல்லிக்கொள்ளவும் முடியாமல், குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளமேறிவிட்டார். கரைசேர்ந்தார்களோ என்றே பல மாதம் தெரியாது. கணேஸும் நானும் வாசிப்பதை நிறுத்திவிட்டோம்.

ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. அந்தோனி! இந்தியாவில், அகதி முகாமுக்குப் பக்கத்துக் கோயில் கோஷ்டியில் சேர்ந்திருக்கிறாராம். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் அவசரப்பட்டார். "அழுகிறதைப் பேந்து பாப்பம் அக்கா. இஞ்ச மாஸ்ரர் நான் பிழையா வாசிக்கிறன் எண்டுறார். போனை அவரிட்டக் குடுக்கிறன், சரியெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ!"

ஆக, சக ஜாஸ் பாவிகளே, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், எங்களைப் பிழையென்று சொன்ன எல்லாரும் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள் என்பதுதான்.